குடியிருப்புகளுக்கு நடுவே எரிவாயு சிலிண்டர்கள்: களஞ்சியப்படுத்தலும் பாதுகாப்பு விதிகளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடுப்படிகள் கடந்த பதினைந்து ஆண்டுகளில் அடைந்த மாற்றம் சிறியதல்ல. பனை மட்டை, ஊமல், பொச்சுமட்டை, சிரட்டை என வளவுக்குள் கிடைப்பவற்றைக் கொண்டே பரம்பரை பரம்பரையாகச் சமைத்து வந்த வீடுகளில் இன்று எரிவாயு அடுப்பு முதலிடம் பெற்றிருக்கின்றது. விறகடுப்பு முற்றாக மறைந்துவிடவில்லை. பல வீடுகளில் அது குசினியின் ஒரு மூலையிலும் எரிவாயு அடுப்பு மறு மூலையிலுமாக ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. இந்த அயலுறவே ஓர் ஆபத்து என்பதைப் பின்னர் பார்ப்போம்.

அடுப்பு மாறியபோது அதனுடன் இன்னொன்றும் குடியிருப்புகளுக்குள் வந்து சேர்ந்தது. அதுதான் சிலிண்டர் களஞ்சியம். சந்திக்குச் சந்தி பலசரக்குக் கடைகளின் முன்னே நீலமும் மஞ்சளுமாகச் சிலிண்டர்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. கடையின் மேல்மாடியில் ஒரு குடும்பம் வசிக்கின்றது. பக்கத்துக் கட்டடத்தில் தனியார் கல்வி நிலையம் நடக்கின்றது. எதிரே தேநீர்க்கடையின் அடுப்பு எரிகின்றது. இவ்வளவும் ஒரு சில மீற்றர்களுக்குள். வீடுகளிலும் நிலைமை வேறுபட்டதன்று. ஒரு சிலிண்டர் அடுப்பில் பொருத்தப்பட்டிருக்க, இரண்டு மூன்று சிலிண்டர்கள் மாடிப்படியின் கீழோ கட்டிலின் கீழோ சேமித்து வைக்கப்பட்டிருப்பதைப் பல இடங்களில் காணலாம்.

இவ்வாறு சேமிப்பவர்களை அறியாமை கொண்டவர்கள் என்று எடுத்த எடுப்பில் குறை கூறுவது நியாயமாகாது. குடாநாட்டு மக்களுக்குத் தட்டுப்பாடு என்பது செவிவழிச் செய்தியல்ல. 1990 முதல் 2002 வரை ஏ-9 வீதி மூடப்பட்டிருந்த காலத்திலும், 2006 ஆகஸ்ட் 11 இல் அது மீண்டும் மூடப்பட்டு 2009 வரை நீடித்த காலத்திலும் ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கு மக்கள் பட்ட பாட்டை அனுபவித்தவர்கள் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். அந்த நினைவு மங்கத் தொடங்கிய வேளையில் 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி வந்தது. நாடு முழுவதும் சிலிண்டர்களை வீதியோரம் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு மக்கள் நாட்கணக்கில் காத்து நின்றனர். அதற்குப் பின்னர், கையில் பணம் உள்ள குடும்பங்கள் மேலதிகமாக ஒரு சிலிண்டரை வாங்கி வைப்பதை ஒரு காப்புறுதியாகவே கருதத் தொடங்கிவிட்டன. பதுக்கலுக்குத் தந்தை தட்டுப்பாடு. ஆகவே சீரான விநியோகமும் ஒரு பாதுகாப்பு ஏற்பாடே என்பதைக் கம்பனிகளும் அரசாங்கமும் உணர வேண்டும். ஆயினும் எரிவாயுவுக்கு நமது வரலாறு தெரியாது. அது தனது இயல்புப்படியே நடந்துகொள்ளும்.

வாயுவின் இயல்பு

சமையல் எரிவாயு என்பது புரொப்பேன், பியூட்டேன் ஆகிய இரு வாயுக்களின் கலவையாகும். அழுத்தத்தின் மூலம் திரவமாக்கப்பட்டு சிலிண்டரில் அடைக்கப்படுகின்றது. வெளியே வந்ததும் மீண்டும் வாயுவாகி, திரவமாக இருந்ததைப் போல ஏறத்தாழ 250 மடங்கு இடத்தைப் பிடிக்கின்றது. காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு முதல் ஒன்பது பங்கு வரை இவ்வாயு கலந்திருக்கும்போது ஒரு சிறு பொறியே அதனைப் பற்றவைக்கப் போதுமானது.

இந்த எண்களை நமது வீடுகளின் அளவுக்குக் கொண்டுவந்து பார்த்தால் விளங்கும். 12.5 கிலோகிராம் எடையுள்ள வழக்கமான ஒரு சிலிண்டரில் உள்ள திரவம் முழுவதும் வாயுவாகினால் ஐந்தரை முதல் ஆறு கன மீற்றர் வரையில் வரும். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரமுள்ள ஓர் அறையின் கொள்ளளவு சுமார் 28 கன மீற்றர். அதில் நூற்றுக்கு இரண்டு பங்கு என்பது அரைக் கன மீற்றருக்குச் சற்று அதிகம். அதாவது, ஒரு சிலிண்டரின் பத்திலொரு பங்கு மட்டும் கசிந்தாலே மூடிய ஓர் அறை முழுவதும் வெடிக்கும் நிலைக்கு வந்துவிடும். முழுச் சிலிண்டரும் கசிந்தால் அத்தகைய பத்து அறைகளுக்குப் போதும். உண்மையில் இக்கணக்கும் நமக்குச் சாதகமாகச் சொல்லப்பட்டதே. ஏனெனில் வாயு அறை முழுவதும் ஒரே சீராகப் பரவுவதில்லை.

காற்றைவிட இது ஒன்றரை முதல் இரண்டு மடங்கு பாரமானது. எனவே புகையைப் போல மேலெழாது. தண்ணீரைப் போல நிலத்தோடு ஓடி, பள்ளமான இடங்களில் தேங்கும். இந்த ஓர் உண்மையை மனதில் இருத்திக்கொண்டால், பாதுகாப்பு விதிகளில் பெரும்பாலானவற்றை எவரும் சொல்லித்தராமலே ஊகித்துக்கொள்ளலாம். மேலே யன்னல் திறந்திருக்கின்றது என்பதால் மட்டும் வாயு வெளியேறிவிடாது. கதவின் அடியிலும் சுவரின் அடியிலும் இடைவெளி வேண்டும். நிலத்தில் வைக்கப்பட்ட குத்துவிளக்கு, மேசைமேல் உள்ள விளக்கைவிட ஆபத்தானது. வீட்டு வளவில் உள்ள கிணறு, மலகூடக் குழி, கழிவுநீர் வாய்க்கால் யாவும் வாயு தேங்கும் இடங்களாகலாம்.

கிணற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குடாநாட்டில் கிணறில்லாத வளவைக் காண்பது அரிது. பெரும்பாலான வீடுகளில் குசினிக்கும் கிணற்றுக்கும் இடையே சில அடிகளே உள்ளன. குசினியின் பின்தாழ்வாரத்தில், கிணற்றுக்கட்டுக்கு அருகே சிலிண்டரை வைப்பது வசதியானது என்று பலர் எண்ணுகின்றனர். அங்கே கசியும் வாயு கிணற்றுக்குள் இறங்கினால் காற்றோட்டமில்லாத அந்த ஆழத்தில் நீண்ட நேரம் தங்கியிருக்கும். நீரிறைக்கும் மின்மோட்டரின் ஆளியைப் போடும்போது எழும் பொறி போதும். கிணறு இறைக்க இறங்குபவருக்கு மூச்சுத்திணறல் ஆபத்தும் உண்டு. சிலிண்டரைக் கிணற்றிலிருந்தும் வாய்க்காலிலிருந்தும் குறைந்தது மூன்று மீற்றர் தள்ளி வைப்பது நல்லது.

எரிவாயுவுக்கு இயற்கையில் மணமில்லை. கசிவை அறிவதற்காகவே எத்தில் மெர்கப்டன் என்ற துர்நாற்றமுள்ள பொருள் அதில் சேர்க்கப்படுகின்றது. எனவே நமது மூக்கே முதற் காவலாளி. ஆனால் குடாநாட்டில் பிள்ளைகள் வெளிநாடுகளில் இருக்க, முதியவர்கள் தனித்து வாழும் வீடுகள் ஏராளம். முதுமையில் மணமறியும் புலன் குன்றுவது இயல்பு. கொரோனாத் தொற்றுக்குப் பின்னர் அப்புலனை இழந்தவர்களும் உள்ளனர். இத்தகைய வீடுகளில் சிலிண்டரை வீட்டுக்கு வெளியே, திறந்த தாழ்வாரத்தில் வைத்துக் குழாய் மூலம் அடுப்புக்குக் கொண்டுவருவதே சிறந்தது. வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் பிள்ளைகள் வாயுக்கசிவை ஒலியெழுப்பி அறிவிக்கும் சிறு கருவி ஒன்றையும் அனுப்பி வைக்கலாம். அதனைக் கூரையோரம் பொருத்தாமல் நிலத்துக்கு அருகே பொருத்த வேண்டும்.

2021 இன் பாடம்

இலங்கையில் எரிவாயுவைப் பற்றிய அச்சம் பொதுமக்களிடம் பரவலாக எழுந்தது 2021 ஆம் ஆண்டின் நவம்பர், டிசெம்பர் மாதங்களிலாகும். நவம்பர் 20 இல் கொழும்பு பழைய குதிரைப் பந்தயத் திடல் கட்டடத் தொகுதியில் உள்ள உணவகம் ஒன்றில் வெடிப்பு நிகழ்ந்தது. அதனைத் தொடர்ந்து நாட்டின் பல பாகங்களிலும் அடுப்புகள் வெடித்ததாகவும் குழாய்கள் தீப்பற்றியதாகவும் நாள்தோறும் செய்திகள் வந்தன. வடக்கும் இதற்கு விதிவிலக்காக இருக்கவில்லை. உயிரிழப்புகளும் ஏற்பட்டன. அப்போதைய ஜனாதிபதி, மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாந்த வல்பொல தலைமையில் எட்டுப் பேர் கொண்ட குழுவை நியமித்தார். சிலிண்டர்களில் அடைக்கப்பட்ட வாயுவின் கலவை மாற்றப்பட்டமையே இச்சம்பவங்களுக்குப் பிரதான காரணம் என அக்குழு டிசெம்பர் மாதத்தில் தெரிவித்தது.

கலவை மாறினால் என்ன என்று கேட்கலாம். 30 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் புரொப்பேனின் ஆவியமுக்கம் பியூட்டேனின் ஆவியமுக்கத்தைப் போல ஏறத்தாழ நான்கு மடங்காகும். பியூட்டேன் மிகுந்த கலவைக்குப் பழகிய நாட்டில் புரொப்பேனின் விகிதம் கூட்டப்பட்டபோது சிலிண்டருக்குள் அமுக்கம் உயர்ந்தது. பழைய சீராக்கிகளும் வெடிப்பு விழுந்த றப்பர் குழாய்களும் தரமற்ற கவ்விகளும் அதுவரை எப்படியோ தாக்குப்பிடித்துக் கொண்டிருந்தவை. உயர்ந்த அமுக்கம் அவற்றின் பலவீனத்தை வெளிக்கொணர்ந்தது. ஆக, கம்பனியின் தவறும் வீட்டின் கவனக்குறைவும் சந்தித்த இடத்திலேயே விபத்து நிகழ்ந்தது. கலவையைச் சரிசெய்வது கம்பனியினதும் அரசினதும் பொறுப்பு. குழாயை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு தடவையும் சீராக்கியை ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு தடவையும் மாற்றுவது நமது பொறுப்பு. மலிவு என்பதற்காகச் சாதாரணத் தோட்டக் குழாயை வெட்டிப் பொருத்துபவர்களும் உள்ளனர். அதனைச் சிக்கனம் என்று அழைக்க முடியாது.

அந்த விபத்துகளில் பெரும்பாலானவை அடுப்பையும் குழாயையும் சார்ந்தவை. ஒரு வீட்டில், ஒரு சிலிண்டரோடு நின்றன. கடையொன்றில் அடுக்கப்பட்டிருந்த ஐம்பது சிலிண்டர்களுக்கு நடுவே அத்தகைய தீ மூண்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை நாம் இதுவரை காணவில்லை. வேறு நாடுகள் கண்டிருக்கின்றன.

மெக்சிக்கோ நகருக்கு அருகேயுள்ள சான் ஹுவானிக்கோவில் 1984 நவம்பர் 19 அதிகாலையில் எரிவாயு முனையம் ஒன்றில் கசிந்த வாயு முகிலாகத் திரண்டு தீப்பற்றியது. தாங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. சுமார் 500 பேர் மாண்டனர். முனையத்தைச் சுற்றி நெருக்கமாக அமைந்திருந்த குடியிருப்பே உயிரிழப்பின் பெருக்கத்துக்குக் காரணமாயிற்று. டாக்காவின் பழைய நகரிலுள்ள சவுக்பஸாரில் 2019 பெப்ரவரி 20 இரவு மூண்ட தீயில் 70க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தீ எங்கே தொடங்கியது என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. ஆனால் மக்கள் வசித்த கட்டடங்களிலேயே தீப்பற்றும் இரசாயனங்களும் வாசனைத் திரவியக் கலங்களும் களஞ்சியப்படுத்தப்பட்டிருந்தமையே தீயை அடக்க முடியாததாக்கியது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. குறுகலான தெருக்கள், கீழே கடை, மேலே வீடு. யாழ். நகரின் பழைய பகுதிகளை அறிந்தவர்களுக்கு இந்தக் காட்சி அந்நியமாகத் தோன்றாது.

நெருப்புக்குள் அகப்பட்ட சிலிண்டருக்கு என்ன நேர்கின்றது என்பதையும் அறிந்திருத்தல் நல்லது. உள்ளேயுள்ள திரவம் கொதிக்கின்றது, அமுக்கம் ஏறுகின்றது. வால்வில் அமுக்கத்தை விடுவிக்கும் அமைப்பு இருந்தாலும் பெருந்தீயின் வேகத்துக்கு அது ஈடுகொடுக்க முடியாமற் போகலாம். திரவம் படாத மேற்பகுதி இரும்பு சூடேறிப் பலவீனமடைந்து கிழியும்போது, உள்ளிருந்த அனைத்தும் கணப்பொழுதில் வாயுவாகித் தீக்கோளமாக எழுகின்றது. சிலிண்டரின் துண்டு பறந்து அடுத்த சிலிண்டரைத் தாக்கும். இதனாலேயே ஒரே இடத்தில் எத்தனை சிலிண்டர்கள் என்ற கேள்வி, சிலிண்டர் நல்லதா கெட்டதா என்ற கேள்வியைவிட முக்கியமாகின்றது.

வீட்டில் எத்தனை, எங்கே?

வீடொன்றில் பாவனையிலுள்ள ஒரு சிலிண்டரும் மாற்றுக்கு ஒன்றும் போதுமானவை. அதற்கு மேற்பட்டவை வீட்டுக்குள் இருக்கவே கூடாது. அமெரிக்காவில் பின்பற்றப்படும் என்.எவ்.பி.ஏ. 58 என்ற தீப்பாதுகாப்பு நியமம், முகாம் அடுப்புகளுக்கான மிகச் சிறிய கலன்களைத் தவிர ஏனைய எரிவாயுச் சிலிண்டர்களை வீட்டுக் கட்டடத்துக்குள் களஞ்சியப்படுத்துவதையே தடுக்கின்றது. நமது நாட்டில் அவ்வளவு தூரம் செல்வது இன்று சாத்தியமில்லாதிருக்கலாம். ஆனால் மாற்றுச் சிலிண்டரை வெளியே வைப்பதற்கு எவருக்கும் தடையில்லை. காற்றோட்டமுள்ள தாழ்வாரம், நிழல், சமதளமான உறுதியான தரை, குழந்தைகள் எட்டாத இடம், பூட்டுள்ள கம்பிக்கூடு. இவை போதும். மாடிப்படியின் கீழ் வைப்பது எல்லாவற்றிலும் தவறானது. தீ மூண்டால் மேல்மாடியில் உள்ளவர்கள் இறங்கிவரும் ஒரே வழி அதுவே.

சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தியே வைக்க வேண்டும். படுக்கவைத்தால் வாயுவுக்குப் பதிலாகத் திரவம் வால்வுக்கு வந்துவிடும். திரவமாகக் கசியும் ஒரு லீற்றர், வாயுவாகக் கசியும் ஒரு லீற்றரைப் போல 250 மடங்கு பாரதூரமானது. தீர்ந்துபோகும் தறுவாயில் சிலிண்டரைச் சரித்து, குலுக்கி, சுடுதண்ணீர் ஊற்றிக் கடைசித் துளியையும் பெற முயலும் பழக்கம் நம்மிடையே உண்டு. அதனைக் கைவிட வேண்டும்.

வெறும் சிலிண்டர் ஆபத்தற்றது என்பது பரவலான தப்பெண்ணம். அடுப்பு எரியாத அளவுக்கு அமுக்கம் குறைந்தாலும் உள்ளே வாயு எஞ்சியிருக்கும். வெறும் சிலிண்டரின் வால்வையும் மூடி, பாதுகாப்பு மூடியையும் போட்டே வைத்தல் வேண்டும்.

முன்னர் குறிப்பிட்ட விறகடுப்பு விடயத்துக்கு வருவோம். சிலிண்டரும் விறகடுப்பும் ஒரே குசினியில் இருக்குமானால், இரண்டையும் ஒரே நேரத்தில் பாவிப்பதைத் தவிர்க்க வேண்டும். விறகடுப்பு நிலத்தோடு இருக்கின்றது. கசியும் வாயுவும் நிலத்தோடு வருகின்றது. முடிந்தவர்கள் விறகடுப்பைக் குசினிக்கு வெளியே கொட்டிலுக்கு மாற்றிவிடலாம். சாமியறை குசினியை அடுத்திருக்கும் வீடுகளில் விளக்கேற்ற முன்னர் மணம் பார்ப்பது ஒரு பழக்கமாக வேண்டும். கிடுகு வேலியை ஒட்டிச் சிலிண்டரை வைப்பதும், அதே மூலையில் மண்ணெண்ணெய்க் கலனையும் மோட்டார் சைக்கிளையும் நிறுத்துவதும் ஆகாது. மாரி காலத்தில் மழைக்குப் பயந்து கதவு யன்னல்கள் அனைத்தையும் சாத்திவிட்டு உறங்கும் நாட்களில், இரவில் சீராக்கியை மூடிவிட்டே உறங்கச் செல்ல வேண்டும்.

காணி நெருக்கடி உள்ள இடங்களில் இவ்வளவும் இலகுவல்ல என்பது உண்மையே. குருநகரின் தொடர்மாடிகளில் வசிப்பவர்களிடம் தாழ்வாரத்தில் வையுங்கள் என்று கூறுவதில் பொருளில்லை. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுப் பல்லாண்டுகளின் பின்னர் சோனகத் தெருவுக்குத் திரும்பிய குடும்பங்களில் பல, ஒரே காணிக்குள் இரண்டு மூன்றாகப் பகிர்ந்து வாழ்கின்றன. ஒரு வீட்டின் குசினிச் சுவர் அடுத்த வீட்டின் படுக்கையறைச் சுவர். இத்தகைய இடங்களில் தனி வீட்டின் ஒழுங்கு மட்டும் போதாது. தொடர்மாடிக் குடியிருப்போர் சங்கமோ பள்ளிவாசல் நிர்வாகமோ கூடி, மேலதிகச் சிலிண்டர்களுக்குப் பொதுவான வெளிக் கூடு ஒன்றை அமைத்துக்கொள்ளலாம். செலவு அதிகமில்லை. நான்கு கம்பித் தட்டிகளும் ஒரு தகரக் கூரையும் ஒரு பூட்டும்தான்.

கடையும் களஞ்சியமும்

எரிவாயு விற்பனை நிலையங்கள் அந்தந்த உள்ளூராட்சி மன்றத்தின் வியாபார உரிமத்துக்கு உட்பட்டவை. மாநகர சபைகள், நகர சபைகள் கட்டளைச் சட்டங்களும், 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டமும் அபாயகரமான வியாபாரங்களை ஒழுங்குபடுத்தவும் உபவிதிகளை ஆக்கவும் மன்றங்களுக்கு அதிகாரம் அளித்துள்ளன. லிட்ரோ, லாஃப்ஸ் ஆகிய இரு கம்பனிகளும் தமது முகவர்களைத் தாமே தெரிவு செய்கின்றன. எனவே ஒரு கடையின் பாதுகாப்புக்கு மன்றமும் கம்பனியும் ஆகிய இரு தரப்புகள் பொறுப்பு. நடைமுறையில் இருவர் பொறுப்பு என்பது எவரும் பொறுப்பில்லை என்பதாகிவிடுவதுண்டு.

இந்தியாவில் எரிவாயுச் சிலிண்டர் விதிகளின்படி 100 கிலோகிராமுக்கு மேற்பட்ட சமையல் எரிவாயுவைக் களஞ்சியப்படுத்துவதற்கு வெடிபொருள் பாதுகாப்புத் துறையின் உரிமம் தேவை. நமது 12.5 கிலோகிராம் சிலிண்டரில் கணக்கிட்டால் அது எட்டுச் சிலிண்டர்கள். நமது சந்திக் கடைகள் பலவற்றில் அதைவிடக் கூடுதலாகவே காணலாம். உணவகங்கள் பாவிக்கும் 37.5 கிலோகிராம் சிலிண்டர்கள் மூன்று இருந்தாலே அந்த எல்லை தாண்டப்பட்டுவிடும்.

சிறந்த நடைமுறையாக உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்டவை எளிமையானவை. களஞ்சியம் நிலமட்டத்துக்குக் கீழ் இருத்தலாகாது. மேலே குடியிருப்பு இருத்தலாகாது. சுவர்கள் தீப்பற்றாதவையாகவும், சுவரின் அடியிலும் மேலிலும் காற்றுவழிகள் உள்ளவையாகவும் இருக்க வேண்டும். உள்ளே சாதாரண மின்குமிழோ ஆளியோ கூடாது. நிறைந்தவையும் வெறுமையானவையும் வெவ்வேறாக வைக்கப்பட வேண்டும். கடையின் உட்பகுதியில் அரிசி மூட்டைக்கும் பெயின்ற் வாளிக்கும் நடுவே வைப்பதைவிட, வெளியே கம்பிக்கூட்டில் வைப்பது எவ்வளவோ மேல். ஆனால் அக்கூடு நடைபாதையை அடைத்துக்கொண்டு, திரும்பும் லொறி மோதக்கூடிய இடத்தில் இருக்கின்றதா என்பதையும் பார்க்க வேண்டும். கடையின் ஒரே வாயிலை மறித்துச் சிலிண்டர் அடுக்குவது குற்றமாகவே கருதப்பட வேண்டியது என்பது எமது அபிப்பிராயம்.

பெரிய சிலிண்டரிலிருந்து சிறியதற்கு மாற்றி நிரப்பும் தொழில் எங்கே நடந்தாலும் அது உடனடியாக நிறுத்தப்பட வேண்டியதாகும். சிலிண்டர் ஒருபோதும் முழுமையாகத் திரவத்தால் நிரப்பப்படுவதில்லை. வெயிலில் திரவம் விரிவடைவதற்கு மேலே இடம் விட்டே நிரப்பப்படும். வீட்டின் பின்புறத்தில் தராசோ கருவியோ இன்றி நிரப்புபவரால் அந்த இடைவெளியை அளந்து விட முடியாது.

சிறு கடைக்காரர்களின் நிலையையும் கருத்திற்கொள்ள வேண்டும். எரிவாயு விற்பனையில் அவர்களுக்குக் கிடைக்கும் இலாபம் சொற்பம். இன்று விதியை வகுத்து நாளை தண்டம் விதிப்பது அவர்களை அத்தொழிலை விட்டே ஓடச் செய்யும். பின்னர் மக்கள் தூர இடத்திலிருந்து மொத்தமாக வாங்கி வீட்டில் அடுக்குவர். ஆபத்து கடையிலிருந்து வீட்டுக்கு இடம்மாறும். கம்பிக்கூடு, தீயணைப்புக் கருவி ஆகியவற்றின் செலவைக் கம்பனிகள் ஏற்பதே முறையாகும்.

கோயிலிலும் பள்ளிவாசலிலும்

ஆண்டின் பெரும்பாலான நாட்களில் குடாநாட்டில் எங்காவது ஓரிடத்தில் பெருஞ்சமையல் நடந்துகொண்டே இருக்கின்றது. செல்வச்சந்நிதியின் அன்னதான மடங்கள், நல்லூர் மகோற்சவ காலத்துத் தண்ணீர்ப்பந்தல்கள், நோன்பு மாதத்தில் பள்ளிவாசல்களில் காய்ச்சப்படும் கஞ்சி, கந்தூரி, வலீமா விருந்து, திருமண மண்டபங்கள் என்பவற்றில் விறகின் இடத்தைப் பெரிய எரிவாயு அடுப்புகள் பிடித்து வருகின்றன. கூட்டம் நிறைந்த கொட்டகைக்குள், சீலையும் கிடுகும் வேய்ந்த பந்தலின் கீழ், நான்கைந்து சிலிண்டர்கள் ஒரே இடத்தில் இருப்பது வழமை. சமைக்கும் இடம் மக்கள் அமரும் இடத்திலிருந்து பிரிக்கப்பட வேண்டும். சிலிண்டர்கள் அடுப்பின் வெக்கை படாத தூரத்தில், பந்தலுக்கு வெளியே நிற்க வேண்டும். சிலிண்டர் மாற்றும்போது எல்லா அடுப்புகளும் அணைக்கப்பட வேண்டும். நேரமாகிவிட்டது என்ற அவசரத்தில் தவறவிடப்படுவது இக்கடைசி விடயம்தான். நோன்பு திறக்கும் நேரத்தையோ பூசை நேரத்தையோ பிற்போட முடியாது. ஆகவே சமையலைச் சற்று முன்னதாகத் தொடங்குவதே வழி.

ஏற்றிச் செல்லுதல் பற்றி ஒரு வார்த்தை. மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கிமேல் சிலிண்டரைப் படுக்கவைத்துச் செல்வது நாளாந்தக் காட்சி. பயணிகள் பேருந்தில் சாக்கினால் மூடி ஏற்றுபவர்களும் உளர். முச்சக்கரவண்டியில் நிமிர்த்திக் கட்டிச் செல்வதற்கு ஆகும் செலவு பெரிதல்ல.

கசிந்தால், தீப்பற்றினால்

மணம் வந்ததும் செய்யக்கூடாதது, மின்குமிழைப் போட்டுப் பார்ப்பது. ஏற்கெனவே எரியும் குமிழை அணைப்பதும் கூடாது. இரண்டிலும் பொறி எழும். கைத்தொலைபேசியை வெளியே சென்ற பின்னரே எடுக்க வேண்டும். சீராக்கியை மூடி, கதவுகளையும் யன்னல்களையும் திறந்து, விளக்கு, அடுப்பு யாவும் அணைந்துள்ளனவா எனப் பார்த்து, அனைவரும் வெளியேற வேண்டும். சிலிண்டரைத் தூக்கக்கூடியவர் இருந்தால் நிமிர்த்திய நிலையிலேயே திறந்த வெளிக்குக் கொண்டுசெல்லலாம். கிணற்றடிக்கு அல்ல. எங்கே கசிகின்றது என்பதைச் சவர்க்கார நுரை பூசிக் குமிழி வருகின்றதா எனப் பார்த்து அறியலாம். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கின்றார்கள் என்பது நம்பக் கடினமானாலும் உண்மை.

சிலிண்டரின் வாயில் தீப்பற்றினால், வாயுவை நிறுத்த முடியுமானால் மட்டுமே தீயை அணைக்க வேண்டும். நனைத்த சாக்கினால் மூடிக்கொண்டு வால்வை மூடலாம். மூட முடியாவிட்டால் எரிய விடுவதே நல்லது. தீயை மட்டும் அணைத்துவிட்டு வாயுவைத் தொடர்ந்து வெளியேற விட்டால், அது பரவி வேறெங்கோ ஒரு பொறியைக் கண்டு முன்னையதைவிடப் பெரிதாக வெடிக்கும். அருகிலுள்ள ஏனைய சிலிண்டர்களைத் தூர அகற்றி, அகற்ற முடியாதவற்றின்மேல் தூரத்திலிருந்து தண்ணீர் அடித்துக் குளிரச் செய்ய வேண்டும். தீக்காயத்துக்குக் குளிர்ந்த நீரை இருபது நிமிடம் ஊற்றுவதே முதலுதவி. பற்பசை, கோப்பித்தூள் முதலியவற்றைப் பூசலாகாது. 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும். பொலிஸாருக்கு 119.

தீயணைப்பு வண்டி என்றால் குடாநாட்டில் முதலில் நினைவுக்கு வருவது யாழ். மாநகர சபையின் தீயணைப்புப் பிரிவே. நகரிலிருந்து பருத்தித்துறை 30 கிலோமீற்றருக்கு மேல். வடமராட்சி கிழக்கின் கரையோரக் கிராமங்கள் அதைவிடத் தொலைவு. எவ்வளவு விரைந்தாலும் அரை மணித்தியாலத்துக்குக் குறையாது. வீடு எரிந்து முடிவதற்கு அவ்வளவு நேரம் தேவையில்லை.

யாழ். மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, மூன்று நகர சபைகள், 13 பிரதேச சபைகள் என 17 உள்ளூராட்சி மன்றங்கள் உள்ளன. 2023 மார்ச் மாதத்துடன் பதவிக்காலம் முடிந்து, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மக்கள் பிரதிநிதிகள் இன்றி இயங்கிய இம்மன்றங்களுக்கு 2025 மே மாதத் தேர்தலின் மூலம் உறுப்பினர்கள் தெரிவாகியுள்ளனர். வியாபார உரிமம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகின்றது. அந்தப் படிவத்தில் எரிவாயு விற்கும் கடைகளுக்கென மூன்று கேள்விகளைச் சேர்ப்பதற்குக் கொழும்பின் அனுமதி தேவையில்லை. ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை சிலிண்டர்கள் வைக்கப்படும்? மேல்மாடியிலோ பக்கத்துச் சுவரிலோ யாராவது வசிக்கின்றார்களா? அவற்றைச் சென்று பார்த்த உத்தியோகத்தர் யார், எந்தத் திகதியில்? அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையைக் கடையின் முன்னே பெரிய எழுத்தில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வைக்கச் செய்தால், எண்ணிப் பார்க்கும் வேலையை அயலவர்களே செய்துவிடுவார்கள்.